நடு சுவிட்ச்

ஓபோடிகி
ஜூலை 2

தியோ,

ரிபெகா எழுதுகிறேன். கோபம் தீர்ந்துபோய் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது அப்படியே இருக்கிறது. என் புருஷனின் சவப்பெட்டிக்குள் நான் வைத்த கிட்டாரை, மூடி போடுகிற நேரத்தில், அத்தனை சொந்தபந்தத்துக்கும் முன்னால் நீ கையைவிட்டு எடுத்தாய். "ஏழு கம்பிக்காரன மண்ணுக்குள்ள அனுப்ப விடமாட்டேன்"னு கத்தினாய். ஹாமியோடு ஒரே வீட்டில் வளர்ந்த தம்பி என்கிற உரிமை. எடுத்து என் கையில் திணித்துவிட்டு, மறுவாரமே ஆஸ்திரேலியச் சுரங்கத்துக்கு விமானம் ஏறிவிட்டாய். அந்தக் கிட்டாரோடு வீட்டில் இருந்தவள் நான்.

பார்க்க முடியாமல் துணி துவைக்கிற கொட்டகையில் போட்டுப் பூட்டினேன். போன வாரம்தான் திறந்தேன். கடல் காற்று புகுந்து உலோகமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. துடைத்தேன். புதுக் கம்பி ஏழும் மாட்டினேன். ஒலிபெருக்குகிற ஆம்பில் செருகினேன். கீழே, கம்பிகள் முடிகிற பாலத்துப் பக்கம் இருக்கிற, சத்தத்தை வாங்குகிற பிக்கப் செத்துவிட்டது. எறும்பு நடக்கிற சத்தம்கூட இல்லை. மேலே, கழுத்துப் பக்கம் இருக்கிறது உயிரோடு இருக்கிறது, ஆனால் கத்தியைப் பார்த்த பன்றி மாதிரி கீச்சிடுகிறது. பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி ஓடிவிட்டது.

இப்போது எதற்கு எடுத்தாய் என்று கேட்பாய். அக்டோபர் கடைசியில் ஹாமியின் கல்லறைக் கல்லை மூடியிருக்கிற துணியை எடுக்கப்போகிறோம். அவன் போய் வருஷம் ஆகிறது. அன்றைக்கு விருந்து நடக்கிற கூடத்தில் நம் 'ஙாவ்' இசைக்குழுவின் பாட்டை வாசிக்க வேண்டும் என்று குடும்பக் கூட்டத்தில் கேட்டேன். கராரைனா அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரக்பி கிளப்புல நீங்க மூணு பேரும் வாசிச்சப்ப எனக்கு ரெண்டு பல்லு ஆடிச்சு. இப்ப ஒருத்தன் மண்ணுக்குள்ள, ஒருத்தன் சுரங்கத்துக்குள்ள. நீ ஒருத்தியா வாசிக்கப்போற?"

"தியோ வருவான். மேளம் அடிப்பான். கிட்டார் நான்."

"சரி. ஒரே ஒரு பாட்டு. கேட்டா அது எங்க புள்ள பாட்டுன்னு தெரியணும். சும்மா கீச்சுக் கீச்சுன்னு கத்துச்சுன்னா, செத்தவன் மானம் போகும், சொல்லிட்டேன்."

எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும். வையோஎகா பாட்டுதான். அவன் கடைசியாகக் கட்டியது. ஒரு மேடையிலும் ஏறாதது.

நாலு கம்பி பாஸ் கிட்டார் வாசித்த கை என்னுடையது. இன்னும் மூன்று கம்பி கூட. கற்றுக்கொண்டுவிடுவேன். பிக்கப்தான் எனக்குத் தெரியாது. ஃபகாடானே ஊரில் இருக்கிற கிட்டார்க் கடைக்குப் போனேன். கடைக்காரன் ஆறு கம்பிக்கான பிக்கப்பை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றான். வைத்துப் பார்த்தேன். ஏழாவது கம்பி காந்தத்துக்கு வெளியே நின்றது, விருந்துக்குச் சொல்லாத சொந்தக்காரன் மாதிரி. அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எதைப் போடுவது என்று எழுது. போன் பண்ணாதே. உன் குரலும் அவன் குரலும் ஒன்று. அதைக் காதில் வைத்துக் கேட்க என்னால் ஆகாது.

ரிபெகா


லியோனோரா, மேற்கு ஆஸ்திரேலியா
ஜூலை 17

அக்கா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் திறக்கப் பயந்து, ஒரு ஷிப்ட் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே லாரிகளுக்கு வயர் மாற்றினேன். திட்டியிருக்கிறாய். சரி. கேள்வியும் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் இருக்கிறது. மற்றதுக்கு இல்லை. அந்தப் பெட்டி முன்னால் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிக்கப் என்றால் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிசான செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் கீழே மின்சாரம் அதிரும். அந்தச் செப்பை உப்பு தின்றுவிட்டது. அதை ஒட்ட முடியாது. இரண்டையும் மாற்றிவிடு. கீச்சிடுகிறதையும் வைத்துக்கொண்டு அழாதே.

மூன்று வகை சொல்கிறேன். பேட்டரி வைத்து ஓடுவது ஒன்று. சுத்தமான சத்தம், கீச்சென்ற பேச்சே இல்லை. ஆனால் பேட்டரிக்கு இடம் வேண்டும், கிட்டாரின் முதுகில் ஒரு குழி வெட்ட வேண்டும். பிறகு அல்நிகோ காந்தம் போட்டது. வயசானவர்கள் ப்ளூஸ் வாசிக்க வாங்குவார்கள். பிறகு செராமிக் காந்தம் போட்டது. அக்கா, கண்ணை மூடிக்கொண்டு இதை எடு. இரண்டு பக்கமும். தடித்த கம்பியில் கை வைத்தால் சேறு குழம்பாது. ஒவ்வொரு அடியும் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி தனித்தனியாக எண்ணலாம்.

கீழே சில வீடியோக்களின் பெயர் எழுதியிருக்கிறேன். போட்டுக் கேள். கிட்டாரைச் சமையலறை மேஜையில், விளக்குக்கு நேராகக் கிடத்தி, பழைய பிக்கப்பின் நீள அகலத்தை அளந்து அனுப்பு.

அக்டோபருக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டேன். நீ "தியோ வருவான்" என்று அத்தையிடம் சொன்னது என்னைக் கேட்காமலே சொன்னது என்று தெரியும். சொன்னதற்கு நன்றி.

தியோபிரா


ஓபோடிகி
ஜூலை 30

தியோ,

சமையலறை மேஜையிலா? மூன்று நாள் பிணத்தோடு படுத்துக் கிடந்த சாமானைச் சாப்பிடுகிற மேஜையில் வைக்கச் சொல்கிறாயே, அங்கே போய் எல்லாம் மறந்துவிட்டதா? தொப்பியை மேஜையில் வைத்ததற்கே உன் தலையில் குட்டு விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கராரைனா அத்தையிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பயலுக்கு மண்டையில மண்ணு ஏறிருச்சு, சுரங்கத்து மண்ணு" என்றாள். நான் இஸ்திரிப் பலகையை விரித்து அதன் மேல் கிடத்தினேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். தொட்ட பிறகு கல்லறை வாசலில் செய்கிற மாதிரி கையைக் கழுவித் தெளித்துக்கொள்கிறேன். இஸ்திரிப் பலகை நல்லதுதான். நின்றபடி உயரம் சரிசெய்துகொள்ளலாம். அளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

குழி வெட்டுகிறது நடக்காது. அவன் முதுகில் ஒரு குழி வெட்ட என்னால் முடியாது. அதை விடு.

வீடியோ எல்லாம் கேட்டேன். என் போனில் எல்லாமே டப்பாவுக்குள் மாட்டின குளவி. நீ சொல்கிறபடி வித்தியாசம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அதனால் எழுதித்தான் தீர வேண்டும்.

ஆலங்கட்டி எனக்கு வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். ஹாமி மரம் ஏற்றின லாரியை வையோஎகா மலைப்பாதையில் இறக்கும்போது, எஞ்ஜினாலேயே வேகத்தை அடக்க எஞ்ஜின் பிரேக் போடுவான் இல்லையா. நான் பல தடவை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் விலா எலும்புக்கு வந்துவிடும். டுர்ர்ர் என்று ஆரம்பித்து, வளைவில் கியர் இறக்கும்போது ஒரு படி கீழே போகும். பாறை அதைத் திருப்பி அனுப்பும். அவன் அந்தச் சத்தத்தைக் கிட்டாரில் தேடிக்கொண்டே இருந்தான். சாப்பிடும்போதும் தேடினான். ஒருநாள் கிடைத்தது. சுவிட்சை நடுவில் வைத்து, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேசும்போதுதான் கிடைத்தது. அடுத்த மாதம் ஓட்டும்போதே நெஞ்சு அடைத்து, லாரியை ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் செத்தான். பாதையில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்டவன்.

நடு சுவிட்சில் அந்தச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் நான் வாசிக்கமாட்டேன். அத்தை சொன்னது சரிதான்.

ரிபெகா


லியோனோரா
ஆகஸ்ட் 12

அக்கா,

மேஜை விஷயத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். குட்டு விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது.

லாரி பற்றி எழுதினதைப் படித்துவிட்டு நான் இங்கே ரோட்டுப் பக்கம் போய் நின்றேன். இங்கே பாதை முழுக்கச் சமதளம். எஞ்ஜின் பிரேக்குக்கு வேலையே இல்லை. ரொம்ப நேரம் நின்றேன்.

சரி. நீ கேட்கிற சத்தத்துக்கும் செராமிக்தான். ஏன் என்று கேள். எஞ்ஜின் பிரேக் என்பது என்ன? வெடி, வெடி, வெடி. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக. குழம்பினால் அது பிரேக் இல்லை, வயிற்றுப்போக்கு. தடித்த கம்பிக்குப் பிடி வேண்டும். அல்நிகோ இறுக்கமாகப் பிடிக்காது. இரண்டு பக்கமும் செராமிக், நடு சுவிட்ச், உன் லாரி இறங்கும். எழுதித் தருகிறேன்.

"மேளம் அடிக்கிறவனுக்குக் கிட்டாரைப் பத்தி என்னடா தெரியும்" என்று ஹாமி கேட்பான். நீயும் கேட்பாய். அவன் பின்னால் உட்கார்ந்து அத்தனை வருஷம் அவன் ஆம்ப் என் காதுக்கு நேராக இருந்தது, அக்கா. முன்னால் நின்றவன் கேட்டதைவிட நான் அதிகம் கேட்டேன்.

ஆர்டர் போடட்டுமா?

தியோபிரா


ஓபோடிகி
ஆகஸ்ட் 25

தியோ,

போடாதே. கொஞ்சம் பொறு.

கராரைனா அத்தையைக் கண் டாக்டரிடம் காட்ட டௌரங்காவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெரிய கிட்டார்க் கடை. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த ஏழு கம்பிக் கிட்டார்களை ஒவ்வொன்றாக இறக்கி வாசித்தேன். வேலை பார்க்கிற சிப்பித் தொழிற்சாலைச் சட்டையோடேயே ஒரு பொம்பளை வந்து தடித்த கம்பியை அடிக்கிறதைப் பார்த்து வேலைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

ஒன்றில் உன் செராமிக். ஆமாம், நீ சொன்னது சரி, பிடி இருக்கிறது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி. இன்னொன்றில் அல்நிகோ, மேலே பளபளவென்று உலோக மூடி போட்டது. அது வாயைத் திறந்து பேசுகிறது. அடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் பின்னால் ஒரு மூச்சு நிற்கிறது. பாறை திருப்பி அனுப்பும் என்று எழுதினேனே, அந்த மூச்சு.

அத்தையிடம் கேட்டேன். கண் தெரியாததால் அவளுக்கு அன்றைக்குக் காது கூர்மை.

"மொத ஒண்ணு கோவக்காரன். ரெண்டாவது ஒண்ணு பாட்டுக்காரன். நம்ம ஹாமி ரெண்டும்தானே" என்றாள்.

அதனால் முடிவு. கீழே, பாலத்துப் பக்கம், உன் செராமிக். மேலே, கழுத்துப் பக்கம், என் மூடி போட்ட அல்நிகோ. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இதற்கு மேல் வாதம் பண்ணினால் கடிதம் நின்றுவிடும். பெயரும் எண்ணும் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டையும் அங்கிருந்தே வாங்கி அனுப்பு, இங்கே ஏழு கம்பிக்கு மூடி போட்டது தனியாகக் கிடைக்காதாம்.

ரிபெகா


லியோனோரா
செப்டம்பர் 6

அக்கா,

இரண்டும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. வேறு வேறு கம்பெனி. இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ளமாட்டார்கள் போலிருக்கிறது, வயர்களின் நிறமே வேறு வேறு. உன்னுடையதில் ஒரே ஒரு வயர்தான், மேலே வெள்ளிப் பின்னல். என்னுடையதில் நிறைய.

சால்டரிங் இரும்பும் ஈயமும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபகாடானேயில் யாரிடமாவது கொடுத்து மாட்டச் சொல்லலாம் என்று எழுத நினைத்தேன். நீ கொடுக்கமாட்டாய் என்று தெரியும். அதனால் படம் வரைந்திருக்கிறேன். எந்த வயர் எங்கே என்று படத்தில் இருக்கிறது. இரும்பின் நுனியை ஈயத்தில் வைக்காதே, ஒட்ட வேண்டிய இடத்தில் வை. இடம் சூடானால் ஈயம் தானே ஓடி வரும். ஊதாதே. ஆற்றவும் அவசரப்படாதே. முதல் இரண்டு ஒட்டு அசிங்கமாகத்தான் வரும். எல்லாருக்கும்.

லீவு கிடைத்துவிட்டது. கல் திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவேன். ஒத்திகைக்கு நேரம் இருக்கும். மேளம் கிளப் கொட்டகையில்தானே இருக்கிறது? எலி கடிக்காமல் பார்த்துக்கொள்.

தியோபிரா


ஓபோடிகி
செப்டம்பர் 22

தியோ,

என் இஸ்திரிப் பலகையில் இரண்டு கறுப்பு ஓட்டை. கட்டைவிரலில் ஒரு கொப்புளம். மாட்டிவிட்டேன்.

கீழே இருக்கிறதை மட்டும் போட்டேன். ஆத்தாடி. ஜன்னல் கண்ணாடி பேசிற்று. மேலே இருக்கிறதை மட்டும் போட்டேன். டௌரங்காவில் கேட்ட அதே குரல். நானே மாட்டினேன் என்று நம்பிக்கை வரவில்லை. சுவிட்சைத் தட்டித் தட்டி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

பிறகு நடுவில் வைத்தேன்.

தியோ, அது செத்துப்போச்சு. இரண்டும் தனித்தனியாக அவ்வளவு பெரிசு. சேர்ந்தால் ஒன்றுமில்லை. மெல்லிசு. மூக்கால் அழுகிற சத்தம். தடித்த கம்பியில் அடிச் சத்தமே இல்லை. வயரெல்லாம் திரும்ப உருக்கி எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி ஒட்டினேன். அதே. மறுபடி ஒட்டினேன். அதே.

அத்தை கதவில் நின்று கேட்டாள்.

"லாரி வரும்னு சொன்ன. ஈ பறக்குது?"

கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்போது நினைப்பதை எழுதுகிறேன், சிரிக்காதே. நான் பதினஞ்சு வயசில், நாலாவது ஃபார்மோடு பள்ளிக்கூடம் விட்டவள், இப்படித்தான் என் புத்தி போகும். உன்னுடையதும் என்னுடையதும் சேர்ந்து இருக்காது என்று ஹாமி சொல்கிறான். நீ ஒன்று நினைத்தாய், நான் ஒன்று நினைத்தேன், பெட்டி முன்னாலேயே அவனை நடுவில் வைத்து இழுத்தோம். அதைத்தான் இந்தக் கிட்டார் கத்திக் காட்டுகிறது. நீ சொன்னபடி இரண்டும் ஒரே ஜாதியாக வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் சொன்னபடி அப்போதே அவனோடு போக விட்டிருக்க வேண்டும்.

அத்தையிடம் முடிவாக இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்.

ரிபெகா


லியோனோரா
அக்டோபர் 3

அக்கா,

அத்தையிடம் வாயைத் திறக்காதே! ஒன்றும் சொல்லாதே!

கேண்டீனில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். "மூக்கால் அழுகிற சத்தம்" என்ற இடத்துக்கு வந்ததும் மேஜையை ஓங்கித் தட்டினேன். பக்கத்தில் இருந்தவனின் சூப் கொட்டிவிட்டது. அக்கா, நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. உன் ஒட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, இல்லாவிட்டால் தனித்தனியாகவும் வந்திருக்காது. ஹாமியும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவன் மேல் பழி போடாதே.

ஒரு லாரி மண்ணில் மாட்டிக்கொண்டது என்று வை. நீ பின்னாலிருந்து தள்ளுகிறாய். நான் முன்னாலிருந்து தள்ளுகிறேன். இரண்டு பேருக்கும் நல்ல பலம். லாரி நகருமா? அதுதான் நடக்கிறது. கம்பி அதிரும்போது ஒரு கம்பெனிக்காரன் பிக்கப் தள்ளுகிறது, இன்னொரு கம்பெனிக்காரன் பிக்கப் இழுக்கிறது. தனியாக இருக்கும்போது எது தள்ளினாலும் எது இழுத்தாலும் காதுக்குத் தெரியாது. சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அடிச் சத்தத்தைத்தான் முதலில் தின்னும். இது கம்பெனி மாற்றி மாட்டுகிறவர்களுக்கு வருகிற வியாதி. அனுப்புகிறபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மருந்து சின்னது. இரண்டில் ஒன்றைத் திருப்ப வேண்டும். ஒன்றின் இரண்டு முனைகளும் இடம் மாறினால் போதும், இரண்டு பேரும் ஒரே பக்கம் தள்ளுவார்கள்.

முதலில் "உன்னுடையதைத் திருப்பு" என்று எழுதினேன். மேலே கோடு போட்டு அடித்திருக்கிறேனே, அதுதான். பிறகு யோசித்தேன். உன்னுடையதைத் திருப்ப முடியாது. அதன் வெள்ளிப் பின்னல் உலோக மூடியோடு சேர்ந்தது. அதைத் திருப்பினால் மூடியில் விரல் பட்ட இடமெல்லாம் உறுமும். அது இருக்கிற இடத்தில் இருக்கிறபடிதான் இருக்கும்.

திரும்ப வேண்டியது என்னுடையதுதான். என்னுடையதைத் திருப்பு, அக்கா. கறுப்பு இருக்கிற இடத்தில் பச்சை, பச்சை இருக்கிற இடத்தில் கறுப்பு. ஒட்டி வைத்திருக்கிற சிவப்பையும் வெள்ளையையும் தொடாதே. தோல் இல்லாத வெறும் கம்பியையும் தொடாதே. அவ்வளவுதான்.

நடுவில் வைத்து அடி. எனக்கு எழுது. நான் வருவதற்கு முன்னாலேயே எழுது, என்னால் காத்திருக்க முடியாது.

தியோ


ஓபோடிகி
அக்டோபர் 14

தியோ!

திருப்பினேன். பச்சையைச் சின்ன இடுக்கியால் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். ஆறினது. ஊதவில்லை. கம்பியெல்லாம் மாட்டிச் சுதி சேர்த்தேன். சுவிட்சை நடுவில் வைத்தேன். பிறகு ஏழாவது கம்பியை ஒரே ஒரு அடி.

இறங்கிற்று, தியோ. விலா எலும்பில் இறங்கிற்று. சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோ ஆணியோடு ஆடிற்று. கராரைனா அத்தை கையில் பாதி தோல் சீவின குமாராக் கிழங்கோடு ஓடி வந்தாள்.

"ரோட்டுல யாரு லாரிய இறக்குறான், வீட்டுக்குள்ள வர்ற மாதிரி?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு நிற்கவில்லை. நான் சிரிக்கிறதை வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு கொஞ்சம் அழுதேன், ஆனால் அது வேறு. கிட்டாரைத் தோளில் மாட்டியபடி நின்று அழுதேன். கீழே வைக்கவில்லை.

நீ எடுத்தது சரி என்று நான் எழுதமாட்டேன். அன்றைக்கு அது சரியில்லை. ஆனால் அது இப்போது என் கையில் இருக்கிறது. இருப்பது நல்லது.

தினமும் வாசிக்கிறேன். வளைவில் கியர் இறங்குகிற இடம் மட்டும் விரல் தடுக்குகிறது. நீ பின்னால் அடித்தால் சரியாகிவிடும். மேளத்தை எலி கடிக்கவில்லை. தோலுக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது, எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன்.

சீக்கிரம் வா, மேளக்காரா.

ரிபெகா


லியோனோரா
அக்டோபர் 27, சனி

அக்கா,

அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், உனக்குத் தெரிந்திருக்கும். வருஷம் முழுக்க ஒரு துளி பெய்யாத ஊரில் புதன்கிழமை வானம் உடைந்தது. ரோடு சிவப்பு ஆறாகிவிட்டது. தார் ரோடு வரைக்கும் நடந்தாவது போகிறேன் என்று கிளம்பினேன். முழங்கால் வரை சேற்றில் போய் நின்றபோது மேலாளர் ஆள் அனுப்பித் திருப்பிக் கூட்டிவந்தார். விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இப்போது அங்கே விருந்து நேரம். நான் அறையில் உட்கார்ந்து தலைகீழாகக் கவிழ்த்த பக்கெட்டில் வையோஎகா முழுவதையும் அடித்தேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். நிறுத்தவில்லை.

கியர் இறங்குகிற இடத்தில் அவசரப்படாதே. அங்கே ஹாமி ஒரு மூச்சு விடுவான்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தியோ


ஓபோடிகி
அக்டோபர் 29

தியோ,

உட்கார்ந்து படி.

சனிக்கிழமை காலையில் மழை இல்லை. அவன் கல்லின் மேல் இருந்த துணியை அவன் தங்கைகள் எடுத்தார்கள். பெயர் நன்றாக வந்திருக்கிறது. நான் நிறைய அழவில்லை. அழுதது போதும் என்று கல்லே சொல்கிற மாதிரி இருந்தது. வாசலில் கையைக் கழுவிக்கொண்டு எல்லாரும் விருந்துக் கூடத்துக்கு வந்தோம்.

லாரிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவனோடு ஓட்டின அத்தனை பேரும். வேலை பூட்ஸைக் கழற்றவே இல்லை. கூடத்தில் நுழைகிற இடத்தில் அத்தை திட்டினாள், அப்படியும் கழற்றவில்லை, அன்றைக்கே மறுபடி வண்டி எடுக்க வேண்டுமாம்.

சாப்பாடு முடிகிற நேரம் அத்தை என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"தியோ வரலையே. மேளம் இல்லாம எப்படி? வேணாம்னா விட்டுரு, நான் ஜெபம் சொல்லி முடிச்சுருவேன்."

"வாசிக்கிறேன் அத்தை."

"முடியுமா?"

"தெரியல. வாசிக்கிறேன்."

எழுந்து போய் மாட்டினேன். ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. என்னைத் தெரியாதவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், தட்டு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பொம்பளை, சிப்பி திறக்கிற கை, கறுப்புச் சட்டை. யார் பார்ப்பார்கள். சுவிட்ச் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

அடித்தேன்.

பேச்சு நின்றது. அலமாரியில் அடுக்கியிருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. தரை மரம் என் உள்ளங்காலுக்கு அதை அனுப்பிற்று. முதல் இறக்கம் நன்றாகவே போனது. ஆனால் மேளம் இல்லாத இடம் பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்தது, என் விரல் ஓட ஆரம்பித்தது. ஓடினால் வளைவில் விழுவேன் என்று தெரியும். நிறுத்தவும் தெரியவில்லை.

அப்போது ஒரு பூட்ஸ். டும். பின்வரிசையில் இருந்த மனாஹி, ஹாமியின் லாரிக்கு அடுத்த லாரி ஓட்டினவன், பெரிய உடம்பு. உட்கார்ந்தபடியே தரையில் ஓங்கி வைத்தான். டும். அவன் பக்கத்தில் இருந்தவனும் வைத்தான். பிறகு எல்லா லாரிக்காரர்களும் எழுந்தார்கள். மரத்தரை, வேலை பூட்ஸ், அத்தனை பேர். நீயே கேட்டிருந்தாலும் பொறாமைப்பட்டிருப்பாய். என் விரல் அவர்கள் காலுக்கு அடங்கி நடந்தது. நான் ஓடவில்லை.

கியர் இறங்குகிற இடம் வந்தது. கையை நிறுத்தினேன், ஒரே ஒரு மூச்சு. அவர்கள் காலும் நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தியோ. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஒரு படி கீழே இறக்கினேன்.

"கல்லுப் பாலம்!" என்று மனாஹி கத்தினான். "அது கல்லுப் பாலத்து வளைவு! மூணாவது கியர்! ஹாமிடா அது, ஹாமி அங்கதான் இறக்குவான்!"

இன்னொருத்தன், "இல்லடா, அதுக்கு அடுத்த வளைவு" என்றான். "உனக்கென்ன தெரியும், அவன் பின்னாடி வந்தவன் நான்" என்று மனாஹி கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டை பிடித்தான். இரண்டு பேரும் மிதிக்கிறதை மட்டும் நிறுத்தவில்லை. நான் வாசித்துக்கொண்டே கேட்டேன். எந்த வளைவு என்று எனக்குத் தெரியும். மனாஹி சொன்னதுதான் சரி.

கடைசி அடியை அடித்துக் கையை எடுத்தேன். மேல் பிக்கப்பின் மூச்சும் கீழ் பிக்கப்பின் பல்லும் காற்றில் ஒன்றாகவே தங்கி, ஒன்றாகவே போயின. அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். கிழவிகள்கூட. அவன் தங்கைகள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

அத்தை எழுந்து நின்றாள். ஜெபத்துக்குத்தான் எழுந்தாள் என்று எல்லாரும் தலை குனிந்தோம்.

"என்ன தல குனியுறீங்க?" என்றாள். "மறுபடி வாசி. மொதத் தடவ எனக்குக் கேக்கவே நேரமில்ல, அழுதுக்கிட்டு இருந்தேன்."

மறுபடி வாசித்தேன். அதற்கு மறுபடியும் வாசித்தேன்.

போகிறபோது லாரிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் சங்கத்துக்கு டிசம்பரில் பெரிய கூட்டம், மூன்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள். "ஙாவ் வாசிக்குமா?" என்று மனாஹி கேட்டான். "ஒரு பாட்டு இல்ல, முழு ராத்திரியும்." வாசிக்கும் என்று சொன்னேன். "மேளத்துக்கு நாங்க மிதிக்கணுமா, ஆளு இருக்கானா?" என்றான்.

ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். டிக்கெட் எடு.

ரிபெகா